ஆறு மாதத்துக்குள் நேரில் வர வேண்டும்

ஜனவரி 14

ஐயா அவர்களுக்கு,

நேற்று போனில் நீங்கள் போட்ட சத்தம் வங்கி வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. மொழி புரியாவிட்டாலும் புருஷன் திட்டுகிறான் என்பது எந்த ஊர்க்காரருக்கும் புரியும். ஒரு பெரியவர் எழுந்து எனக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். மானம் போயிற்று. அதனால்தான் போனை வைத்தேன். இனி நீங்கள் கூப்பிட்டால் எடுக்கவும் மாட்டேன். எழுத்தில் இல்லாத எதுவும் நடக்கவே இல்லை என்று முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராகச் சட்டம் பேசியவர் நீங்கள். எழுதுங்கள். தபால் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். ஆகட்டும், கோபமாவது ஆறும்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நான்காம் மாடி, இரண்டு அறை. படத்தில் காட்டியதெல்லாம் இருக்கிறது, காட்டாததும் இருக்கிறது. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். கீழே தெரு முழுக்கக் கார் ஒடுக்கெடுக்கும் பட்டறைகள். காலை எட்டு மணிக்குத் தட்ட ஆரம்பித்தால் மாலை ஆறு வரை தட்டுகிறார்கள். நீங்கள் நாலு வருடமாகச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தீர்களே ஓர் அட்டவணை, பதினான்கு நாடுகள், வாடகை, டாக்டர், மின்சாரம், மழை என்று கட்டம் கட்டமாக. அதில் சத்தத்துக்கு ஒரு கட்டம் இல்லை. எனக்குப் பிடிக்குமா என்பதற்கும் இல்லை. சும்மா சொன்னேன்.

வெள்ளிக்கிழமை குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டாள். மொழிபெயர்க்க வந்தவர் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர்தான் முக்கிய விண்ணப்பதாரர். ஆறு மாசத்துக்குள்ள அவர் நேர்ல வந்து கைரேகை வைக்கணும். அதுவரைக்கும் இது இங்கதான் இருக்கும்." நான் சார்ந்திருப்பவராம், விண்ணப்பத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கையில் ஒரு ரசீது கொடுத்தார்கள். ஜூலை ஒன்பது கடைசி நாள்.

பென்ஷன் பேப்பரை முடித்துவிட்டு இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்றீர்கள். ஊரில் வீட்டையும் விற்றாயிற்று, மகள் வீட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள்? 27ஆம் தேதி டிக்கெட்டில் ஒழுங்காக வந்து சேருங்கள்.

போனை வைத்தவள்


ஜனவரி 29

பொருள்: கணவன் கத்தியது – வருத்தம் தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: மேடம் அவர்களின் கடிதம், நாள் ஜனவரி 14.

மேடம் அவர்களுக்கு,

மேற்படி பொருளில் கணவர் தன் தவறை ஒப்புக்கொள்கிறார். இனி இவ்வாறு நிகழாது என்று உறுதியும் அளிக்கிறார்.

27ஆம் தேதி வர முடியவில்லை. பென்ஷன் கோப்பில் ஒரு கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், பழைய பணிப்பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறதாம். பெரிய விஷயம் இல்லை. நம் ஆபீஸ் எப்படி நகரும் என்று உனக்குத் தெரியாதா? பிப்ரவரி கடைசிக்குள் முடிந்துவிடும்.

மகள் வீட்டில் பழைய சாமான் போட்டு வைக்கும் அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை தினமும் காலையில், "மாமா, நல்லா தூங்குனீங்களா?" என்று கேட்கிறார். எப்போ கிளம்புவீங்க என்பதை அப்படித்தான் கேட்க முடியும், பாவம். தலைமாட்டில் சைக்கிள், கால்மாட்டில் தையல் மெஷின். புரண்டு படுத்தால் இரண்டில் ஒன்று என் மேல் விழும்.

சத்தத்தைப் பொறுத்துக்கொள். என் பென்ஷனில் கௌரவமாகச் சாகக்கூடிய நாடு பதினான்கில் அது ஒன்றுதான். இங்கே இருந்தால் மருந்துக்கே மகளிடம் கை நீட்ட வேண்டியிருக்கும். எனக்கு அது முடியாது, உனக்கும் முடியாது. குளிக்கும்போது ஹீட்டரை அணைத்துவிட்டுக் குளி.

இன்னொன்று. அந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏறாதே. நான் வந்து பார்க்கும்வரை படியிலேயே போ.

தங்கள் உண்மையுள்ள,
சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் இருப்பவன்


பிப்ரவரி 17

என்னங்க,

லிஃப்ட் இருக்கிற வீடுதான் வேண்டும், மூட்டு போகிற வயசு என்று தரகரிடம் ஒற்றைக் காலில் நின்றவர் நீங்கள். இப்போது ஏறாதே என்கிறீர்கள். சரி, ஏறவில்லை. படியில் போனதில்தான் ஒருத்தி பழக்கமானாள். எங்கள் கட்டடத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்கிறவள். என் வயதுதான் இருக்கும். அவள் மொழியில் எனக்கு இருபது வார்த்தை, என் மொழியில் அவளுக்கு இரண்டு. அதை வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் பேசுகிறோம்.

போன வாரம் அவளை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். உட்காராமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைக்குப் போய், நான் கேட்காமலே, இழுத்தால் சிக்கிக்கொள்ளும் அந்த இரண்டாவது அலமாரியைக் கொஞ்சம் தூக்கித் திறந்து காட்டினாள். பத்தொன்பது வருடம் இந்த வீட்டில் குடியிருந்தாளாம். நம்மைப் போல வெளிநாட்டு பென்ஷன்காரர்கள் வர ஆரம்பித்ததும் வீட்டுக்காரன் வாடகையை ஏற்றியிருக்கிறான். இப்போது ஊருக்கு வெளியே மகனோடு இருக்கிறாள், இரண்டு பஸ் மாறி வருகிறாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. நமக்கு மலிவாக இருக்கிறதே என்று வந்தோம். யாருக்கு விலை ஏறியது என்று நான் யோசித்ததே இல்லை.

இங்கே எனக்கு என்ன வேலை சொல்லுங்கள். எழுந்திருக்கிறேன், பால் வாங்குகிறேன், சுவரைப் பார்க்கிறேன். டாக்டரிடம் போனால் வயிற்று வலியை நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கையில் பாஸ்போர்ட் இல்லாததால் பக்கத்து ஊருக்குப் போகக்கூட பயமாக இருக்கிறது. ரசீதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

நேற்று மகளிடம் பேசினேன். உங்களிடம்தான் போனில் பேச மாட்டேன், அவளிடம் பேசுவேன். அவள் ஒரு விஷயம் சொன்னாள். "அப்பா ஏழு மாடியும் படியிலயே ஏறுறார்மா. மூச்சு வாங்குது. லிஃப்ட்ல வாங்கன்னா, டாக்டர் நடக்கச் சொன்னார்ங்கறார்." எந்த டாக்டர்? ஊரில் எந்த லிஃப்டைப் பார்த்தாலும் கதவில் காதை வைத்து, "இது நல்லா இருக்கு, இது இழுக்குது" என்று சொல்கிற மனுஷன் நீங்கள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட முதலில் லிஃப்டைத்தான் விசாரிப்பீர்கள். என்ன நடக்கிறது அங்கே?


மார்ச் 6

பார்வை: உன் கடிதம்.

கேட்ட கேள்விகளுக்குப் பதில்:

ஒன்று, டாக்டர் நடக்கத்தான் சொன்னார். இரண்டு, கோப்பு இன்னும் மேலே இருக்கிறது. மூன்று, மகளைத் தோண்டித் துருவாதே. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

படிக்கட்டுக்காரியின் கதையைக் கேட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. நாம் போகாவிட்டால் வேறு யாராவது போயிருப்பார்கள். ஏப்ரலில் வருகிறேன்.


மார்ச் 21

எந்த லிஃப்ட்?

இந்த ஒரு கேள்விதான். பதில் வரும்வரை வேறு எதுவும் எழுத மாட்டேன்.


ஏப்ரல் 8

அன்புள்ள உனக்கு,

பொருள், பார்வை எதுவும் இல்லாமல் எழுதுகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. இது மூன்றாவது தாள்.

ஜனவரி 11. நீ போய் இறங்கி இரண்டு நாள். சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஆறு மாடிக் கட்டடத்து லிஃப்ட், நான்காம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டது. அந்த மாடியில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிற பெண் உள்ளே தனியாக இருந்திருக்கிறாள். உயிர் இருக்கிறது. இரண்டு காலும் உடைந்துவிட்டன. இடது கால் மறுபடி நிற்குமா என்று இன்னும் சொல்லவில்லை.

லிஃப்ட் வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு பிரேக் இருக்கும். அது பிடிக்கவில்லை. துரு ஏறி இறுகிக் கிடந்திருக்கிறது. பார்க்கிறவன் மேலே ஏறி ஒரு தடவை கையால் இழுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பார்க்க வேண்டியவன் நான்தான். டிசம்பரில், நான் ரிட்டையர் ஆன கடைசி வாரத்தில், அது சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் போயிருக்கிறது. அதில் என் கையெழுத்து இருக்கிறது.

அன்று நீ வங்கியில் நின்றபோது நான் கத்தினேனே, உன்மேல் இல்லை. அதற்கு அரை மணி நேரம் முன்னால்தான் என் பாஸ்போர்ட்டை விசாரணை அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். அதிலிருந்து என்னால் எந்த லிஃப்டிலும் கால் வைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் பழப்பையோடு முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போகவில்லை. பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இரண்டு தாள் கிழித்தேன். சான்றிதழில் என் கையெழுத்துக்கு மேலே, "முழுப் பளு ஏற்றிச் சோதிக்கப்பட்டது. பிரேக் பிடிப்பு திருப்தி" என்று எழுதியிருக்கிறது அல்லவா, அதைக் காட்டி, "இது உங்க எழுத்து இல்லையே, யார் எழுதினது?" என்று கேட்டார்கள். "பராமரிப்பு கம்பெனி மெக்கானிக் சோதிச்சு எழுதிக் கொண்டு வருவான் சார், நான் நம்பிக் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை.

அந்த மெக்கானிக் வேறு யாருமில்லை, ஸ்பேனர் என்று நாம் கூப்பிடுவோமே, அவனைத்தான் சொன்னேன். அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவனை எழுதச் சொல்லிப் பார்த்தார்கள், எழுத்து பொருந்தவில்லை. "அப்போ யாரை விட்டு எழுதின?" என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். யார் பெயரையும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும். நீ எழுதுவதை நம் வீட்டிலேயே நின்று பார்த்தவன்தானே அவன்.

வெளியே வந்தபோது படியில் என்னிடம் சொன்னான்: "அக்காவை இதுக்குள்ள இழுக்க வேணாம் சார். வேற எதாவது வழி பாருங்க." நான் வேறு வழி பார்க்கவில்லை.


ஏப்ரல் 23

என்னங்க,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. படிக்கட்டுக்காரி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தன் சாவியால் திறந்துகொண்டு வந்தாள். பழைய சாவி. இத்தனை நாள் அவளிடமே இருந்திருக்கிறது. வேறு நேரமாக இருந்தால் பயந்திருப்பேன்.

எனக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாப்பாட்டு மேஜை. ஒரு பக்கம் இந்த நாட்டு விண்ணப்பம், இன்னொரு பக்கம் பதினொரு சான்றிதழ். உங்கள் கோழிக் கிறுக்கலை ஆபீஸில் யாராலும் படிக்க முடியவில்லை என்று பன்னிரண்டு வருடமாக நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள், வீட்டுக்கு வந்தும் குமாஸ்தா வேலை பார்த்தேன். நீங்கள் சொல்வீர்கள், நான் எழுதுவேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது, இப்போது சொல்வதற்கென்ன. பதினொன்றாவதை எடுத்து, "இதையும் அதே மாதிரி எழுது" என்றீர்கள். "இதைப் பார்த்தாச்சா?" என்று நான் கேட்டேன். அன்று பகல் முழுக்க நீங்கள் விண்ணப்பத்துக்காக வங்கியில் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன். "பார்த்த மாதிரிதான்" என்றீர்கள். நான் பேனாவை எடுத்து எழுதிவிட்டேன்.

தெரியாமல் எழுதியிருந்தால் வேறு. தெரிந்துதான் எழுதினேன். விண்ணப்பத்தைப் போட வேண்டுமே, தபால் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடுமே என்ற அவசரம் எனக்கும் இருந்தது.

ஸ்பேனர் தம்பி நம் வீட்டில் என்றைக்காவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? எத்தனை தடவை சொன்னாலும் நின்றுகொண்டேதான் தண்ணீர் குடிப்பான். நம் மிக்ஸியை மூன்று தடவை சரி செய்து கொடுத்தான், காசு வாங்கவில்லை. "அக்கா எழுத்து அச்சு மாதிரி இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். அந்த எழுத்தைத்தான் இன்று அவன் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அவனும் வாயைத் திறக்காமல் நிற்கிறான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் மேல் கோபம் அப்புறம்தான் வருகிறது.

போய் உண்மையைச் சொல்லுங்கள். நான்தான் எழுதினேன் என்றும் சொல்லுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே போங்கள்.


மே 9

அன்புள்ள உனக்கு,

போகவில்லை. நீ என்ன நினைப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நிதானமாகக் கேள். நான் உண்மையைச் சொன்னால் அன்றைக்கே பென்ஷன் நிற்கும். பென்ஷன் இருக்கிறது என்பதால்தான் அந்த நாடு நமக்குக் கதவைத் திறந்தது. அது இல்லையென்றால் அங்கே இடமில்லை. இங்கே வீடு இல்லை. விற்ற பணம் அந்த ஊர் வங்கியில் இரண்டு வருடத்துக்குத் தொட முடியாதபடி கிடக்கிறது. அறுபது வயதில் நாம் இருவரும் மாப்பிள்ளை வீட்டுச் சைக்கிளோடு படுக்க வேண்டும். நீ எழுதியதாகச் சொன்னால் உன்மேலும் வழக்கு வரும். உன்னைக் காப்பாற்றத்தான் நான் அப்படிச் சொன்னேன்.

ஸ்பேனருக்கு இன்னும் வயது இருக்கிறது. வேறு கம்பெனியில் சேர்ந்துகொள்வான். கை சுத்தமான தொழிலாளி, எவனும் கூப்பிட்டு வேலை கொடுப்பான். நமக்கு யார் கொடுப்பார்கள்?

நானும் தூங்குவதில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும். ஆனால் இதை இப்படியே விட்டுவிட்டால் இன்னும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். ஜூலை ஒன்பதுக்கு முன்னால் வந்து கைரேகை வைத்துவிடுவேன். அப்புறம் நீ என்னைத் திட்டு, தினமும் திட்டு, பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன். இப்போது மட்டும் சும்மா இரு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.


ஜூன் 1

என்னங்க,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. பத்து நாள் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

"உன்னைக் காப்பாற்றத்தான்" என்று எழுதியிருந்தீர்கள். இனி அதைச் சொல்லாதீர்கள். நாற்பது வருடமாக எனக்காக என்று சொல்லித்தான் எல்லாம் செய்தீர்கள். வீட்டை விற்றது எனக்காக, இந்த நாடு எனக்காக, இந்தச் சுவர் எனக்காக. ஒரு தடவைகூட, "உனக்கு வேணுமா?" என்று கேட்டதில்லை. நானும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை, அது என் தப்பு. இப்போது சொல்கிறேன். ஒருவன் சோற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இங்கே மலிவாக உட்கார்ந்து சாப்பிட எனக்கு வேண்டாம்.

முதலில் நானே கிளம்பி வந்துவிடலாம் என்று குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். என் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்றேன். கண்ணாடிப் பெண் ஏதோ புத்தகத்தைப் புரட்டினாள். மொழிபெயர்ப்பவருக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. "சார்ந்திருக்கிறவங்க தனியா வாபஸ் வாங்க முடியாதும்மா. முக்கிய விண்ணப்பதாரர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்." நீங்கள் வந்தால்தான் நான் இங்கிருந்து போகவே முடியும். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். நகர்ந்து வந்துவிட்டேன். தெருவில் எங்கே நடப்பது என்று தெரியாமல் ஒரே தெருவை மூன்று தடவை சுற்றினேன்.

வர முடியாது என்று ஆன பிறகு, என்னால் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன். விசாரணை அதிகாரிக்கு நாலு பக்கம் எழுதினேன். அந்தச் சாயங்காலம் மேஜையில் நடந்தது எல்லாம், நான் கேட்ட கேள்வி, நீங்கள் சொன்ன பதில், நான் எழுதியது, பன்னிரண்டு வருடமாக எழுதுவது, ஸ்பேனர் தம்பிக்கு அதில் ஒரு புள்ளிகூடச் சம்பந்தம் இல்லை என்பது. டைப் அடிக்கவில்லை, கையால்தான் எழுதினேன். அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகக் கடைசிப் பக்கத்தில் அந்தச் சான்றிதழ் வரியையே மூன்று முறை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பதிவுத் தபாலில் இன்று காலை போட்டேன். இதையும் கூடவே போடுகிறேன், இரண்டும் ஒரே நாளில் வந்து சேரும். முன்னால் சொன்னால் தடுப்பீர்கள் என்றுதான் சொல்லவில்லை. படிக்கட்டுக்காரி தபால் அலுவலகம் வரை கூட வந்தாள். என்ன அனுப்புகிறேன் என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வெறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு தடவை அந்தப் பெண் படுத்திருக்கிற வார்டுக்கு உள்ளே போய்விட்டு வாருங்கள்.


ஜூன் 5

பொருள்: நல்ல செய்தி தெரிவித்தல் – தொடர்பாக.

மேடம் அவர்களுக்கு,

முடிந்துவிட்டது! நேற்று மதியம் விசாரணை அறிக்கையில் கையெழுத்தாகிவிட்டது. ஸ்பேனர், தன் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எனக்கு மேற்பார்வைக் குறைவு என்று ஒரு கண்டிப்பு மட்டும். பென்ஷன் முழுசாக வரும். யாராவது புதிதாக ஏதாவது எழுதிக் கொடுத்தால் ஒழிய இனி அந்தக் கோப்பைத் திறக்க மாட்டார்கள் என்று அதிகாரியே சொன்னார். யார் எழுதப் போகிறார்கள்?

பாஸ்போர்ட்டை அடுத்த வாரம் தருகிறார்களாம். 28ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நீ இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, மனசு கொஞ்சம் இறங்கியிருக்கிறாய். நன்றி. இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஸ்பேனருக்கு அங்கிருந்து மாதாமாதம் ஏதாவது அனுப்பலாம், நீ சொல்கிறபடி செய்யலாம்.

ஒரு போர்வை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வா. அங்கே குளிர் அதிகம் என்று அட்டவணையில் போட்டிருந்தேன்.

தங்கள் உண்மையுள்ள,
வந்துகொண்டிருப்பவன்


ஜூன் 21

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் 13ஆம் தேதி வந்தது. விசாரணை அதிகாரிக்கு எழுதியதும் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

மாப்பிள்ளை கையில்தான் தபால்காரர் கொடுத்தார். நான் படியில் உட்கார்ந்து படித்தேன், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில். உன்னை நான் திட்டாத திட்டு இல்லை. வாய்விட்டுத்தான் திட்டினேன், ஐந்தாம் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். டிக்கெட்டைக் கிழித்தேன். மகளிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். மேஜையில் உன் நாலு பக்கத்தையும் அந்தச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஸ்பேனரையும் வரச் சொல்லியிருந்தார்கள், ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அதிகாரி கேட்டார்: "இந்த அம்மா சொல்றது நிஜமா?" அப்போதும் எனக்கு ஒரு வழி இருந்தது, தெரியுமா? என் மனைவிக்குத் தனியாக இருந்து இருந்து மனசு சரியில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். முந்தின நாள் முழுக்க அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். நம்பியும் இருப்பார்கள். ஆனால் உன் எழுத்து கண் முன்னால் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உன்னைப் பைத்தியக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நிஜம்தான் சார். நான் அந்தக் கட்டடத்துக்குப் போகவே இல்லை" என்றேன்.

ஸ்பேனருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும் போலிருக்கிறது. என் பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட் மறுபடி அவர்களிடமே போய்விட்டது, வழக்கு முடிகிறவரை வராது. உன்மேலும் வழக்குப் போடுவார்களாம், நீ இங்கே காலடி வைத்ததும் சம்மன் வரும். இதை மறைக்காமல் சொல்கிறேன்.

வார்டுக்குள் போனேன். "நீங்க யாரு?" என்று அந்தப் பெண் கேட்டாள். சொன்னேன். தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்துவிட்டேன்.

இப்போது உன் விஷயம். நான் அங்கே வந்து கையெழுத்துப் போட முடியாது. நான் போடாமல் நீ வாபஸ் வாங்க முடியாது. நானும் இங்கே ஒரு வக்கீலிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. ஜூலை ஒன்பது வரை ஒன்றும் செய்யாமல் இரு. அன்றைக்கு என் கைரேகை இல்லாததால் நம் அனுமதி தானாகவே ரத்தாகிவிடும். பத்தாம் தேதி அவர்களே உன் கையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து விமானத்தில் ஏற்றித் துரத்திவிடுவார்கள். நாலு வருடம் தேடிப் பிடித்த நாடு.

நான் விமான நிலையத்தில் நிற்பேன். அங்கிருந்து உன்னை எங்கே கூட்டிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. வா.